ஈரோட்டு மனையும் பரபக்க நெறியும்

மாற்றார் கொள்கையை அவர் கூறுமாறே முதற்கண் எடுத்துரைத்து, அதன் பின்னரே தம் கொள்கையை நிறுவுதல் சித்தாந்த ஆசிரியர் மேற்கொண்ட நெறியாகும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்துப் பரபக்கத்தை முன் வைத்தமை இது பற்றியே என்க. அப்பரபக்கத்துள் ஆராயப்பெறும் மதங்கள் பதினான்கு. அவற்றுள் முதலாவது உலகாயதம். கடவுளும் மறுமையும் இல்லையென்பான் புறக்கணிக்கப்படாது அவைக்கண் முதலில் அழைக்கப்பெறுகின்றான். அவன் கூற்று முழுவதும் கேட்கப்பட்ட பின்னரே மறுக்கப்படுகின்றது. இந்நெறியை உளங்கொண்டு காணத்தக்க மனையொன்று கொங்கு நாட்டின்கண் உளது.

திருப்பூருக்குக் கிழக்கே, காவிரிக் கரையில், நெசவும் துணி வாணிகமும் மிக்க ஈரோட்டில் அமைந்த அம்மனை, பெரியார் ஈ. வெ. இராமசாமி (1879–1973) வாழ்ந்த குடும்ப இல்லமாகும். சி. என். அண்ணாதுரையும் (1909–1969) தம் இளமையில், பெரியாரின் இதழ்களிற் பணியாற்றிய காலத்து, அங்குத் தங்கியிருந்தார். இருவர் பெயராலும் பெரியார் – அண்ணா நினைவகம் என வழங்கும் அவ்வில்லம், இன்று தமிழக அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் பொறுப்பில் உளது. அவர்தம் வாழ்க்கையைக் காட்டும் புகைப்படங்களும் பிறவும் அங்கே பொதுமக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

கடவுள் மறுப்பாளர் ஒருவரின் இல்லம் சமய வாழ்க்கையிற் சிறந்து விளங்கியதென்பது அறிதற்பாலது. பெரியாரின் தந்தையார் வேங்கட நாயக்கர், தாயார் சின்னத்தாயம்மையார் ஆகிய இருவரும் வைணவப் பற்று மிக்கவர். பாகவதரும் துறவியரும் அம்மனைக்கு வருதலும், புராணங்கள் ஆங்கு விரித்துரைக்கப்படுதலும் வழக்கமாயிருந்தன. அவற்றைக் கேட்டு வளர்ந்த மகன், ஒரு கதையோடு மற்றொரு கதை முரணுமிடங்களை வினாவத் தலைப்பட்டார். இளமையில் இல்லந் துறந்து காசிக்குச் சென்றவர், அங்குச் சத்திரங்களிற் பிறப்பு நோக்கி உணவு மறுக்கப்படுதலைக் கண்டார் என அவர் வரலாறு கூறும். ஊர் மீண்ட பின்னர், ஈரோட்டு நகராட்சித் தலைமையோடு தேவஸ்தானக் குழுவின் பொறுப்பையும் அவர் ஏற்று நடத்தினார். ஆகலின், அவருடைய மறுப்பு சமயத்தை அறியாதார் மறுப்பன்று. அதன் நடுவில் வாழ்ந்தார் மறுப்பேயாம்.

அம்மறுப்பு எவ்வினாவிலிருந்து கிளைத்தது என்பதற்குத் திருப்பூரே சான்றாகும். காங்கிரசில் இருந்த நாளிற் பெரியார் கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து விற்றவர். 1922-ஆம் ஆண்டில் திருப்பூரிற் கூடிய தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாட்டில், நாடார் முதலியோர் திருக்கோயில்களுட் புகுந்து வழிபடும் உரிமை வேண்டும் என்னுந் தீர்மானத்தின் பொருட்டு அவர் வாதாடினார். எதிர்ப்பு மிக்கமையால் அது நிறைவேறிற்றில்லை. பின்னாளிற் கடவுள் இல்லையென்று உரைத்தவர், அந்நாளில் அடியார் கடவுளைச் சென்று காணும் உரிமைக்காகவே வழக்காடினார் என்பது சிந்திக்கத்தக்கது.

மூன்றாண்டு கழிந்து, 1925-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் 'குடிஅரசு' வார இதழ் ஈரோட்டில் தோன்றிற்று. அதன் அலுவலகத்தைத் திறந்து வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள். சைவ சித்தாந்த மகா சமாசத்தின் தோற்றத்திற்குத் துணை நின்ற அப்பெரியார், தமிழும் சைவமும் தழைக்க நாடெங்குஞ் சொற்பொழிவாற்றிய துறவியாவர். மக்களுள் உயர்வு தாழ்வு இன்மை அவ்விதழின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. அந்நோக்கத்திற்கும் திருமடத்திற்கும் அன்று பகைமை தோன்றிற்றில்லை.

பகைமை பின்னர்த் தோன்றிற்று. சுயமரியாதை இயக்கம் வளருந்தோறும் கோயிலும் புராணமும் கடவுட்கொள்கையும் 'குடிஅரசு' ஏட்டிற் கடுமையாகத் தாக்கப்பட்டன. சைவ அறிஞர் பலர் எதிர்த்து எழுதினர். 1943-ஆம் ஆண்டில் கம்பராமாயணமும் பெரிய புராணமும் தீக்கிரையாதல் வேண்டும் என்னும் கருத்தை அண்ணாதுரை முன்வைத்துச் சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் சொற்போர் புரிந்தார். அடியார் வரலாற்றைத் திருமுறையாகப் போற்றுவார்க்கு அது பொறுத்தற்கரிய சொல்லாயிற்று. எனினும், அவைநடுவே சொல்லுக்குச் சொல்லே எதிர்நின்ற அந்நிகழ்ச்சி, பரபக்க மரபிற்கு அயலானதன்று.

இவற்றைத் தொகுத்து நோக்கின், அம்மனையினின்று எழுந்த வினாக்கள் இரண்டு என்பது புலனாகும். கடவுள் உண்டோ என்பது ஒன்று. பிறப்பால் ஒருவனைச் சந்நிதியினின்று விலக்குதல் தகுமோ என்பது மற்றொன்று. முன்னையதற்குச் சிவஞான போதம் முதற் சூத்திரத்திலேயே விடை கூறிற்று; உலகு தோன்றி நின்று ஒடுங்குதலைக் காட்டி, அதற்கொரு முதல்வன் உண்மையை அது நிறுவும். ஆயின், அவ்விடை பின்னைய வினாவிற்கு விடையாகாது. உலகாயதனைத் தருக்கத்தால் வென்றவர், கோயில் வாயிலில் நின்றவனுக்கு விடை கூறிவிட்டதாகக் கருதுதல் பிழையாம். திருநாளைப்போவார் வரலாற்றைப் போற்றும் நாட்டில், 1939-ஆம் ஆண்டு வரை கோயில் நுழைவு சட்டத்தை எதிர்நோக்கி நின்றது. அவ்வாண்டிலேதான் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் விலக்கப்பட்டோர் புகுந்து வழிபட்டனர். கோயில் நுழைவுச் சட்டமும் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று.

இவ்வேறுபாட்டை உணர்ந்த துறவியர் பிற்காலத்தும் இருந்தனர். குன்றக்குடி அடிகளார் பெரியாரோடு கொள்கையில் மாறுபட்டும், தீண்டாமை ஒழிப்பில் ஒன்றுபட்டும் நட்புப் பூண்டார். திருமடத்தில் அளிக்கப்பெற்ற திருநீற்றைப் பெரியார் மறுக்காது ஏற்றனர் என்பர்.

நினைவகத்திற் காணப்படுவன படங்களும் பொருள்களுமே; வினாக்கள் கண்ணுக்குப் புலனாகா. அவற்றையும் உடன்காணுதல் செல்வார் கடனாகும். அங்குச் செல்லுஞ் சைவர், தம் கொள்கையில் தளர்தலும் வேண்டா, வெகுளலும் வேண்டா. முதல் வினாவிற்குத் தம் நூல் கூறும் விடையை உறுதியாகப் பற்றி, இரண்டாம் வினாவிற்குத் தம் ஒழுக்கத்தால் விடை கூறுதலே அவர்க்குரிய கடப்பாடாம்.