இருதயமும் குருதிச் சுற்றோட்டமும்

மனித உடலின் உறுப்புக்களுள், பிறப்பதற்கு முன்னரே தொழிலைத் தொடங்கி இறக்கும்வரை ஓயாது இயங்குவது இருதயமாகும். மார்பறையில் இரு நுரையீரல்களுக்குமிடையே சற்று இடப்புறஞ் சாய்ந்து அமைந்துள்ள இவ்வுறுப்பு, ஒருவர் தம் கையை மூடினால் எவ்வளவோ அவ்வளவினது. இதன் தொழிலை மக்கள் செவ்வனே அறிந்து ஏறக்குறைய 400 ஆண்டுகளே ஆகின்றன.

இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லுங் குழாய் நாடி. அதனை இருதயத்திற்குக் கொண்டு வருவது நாளம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவரான கலென் என்பார், உண்ட உணவு ஈரலிற் குருதியாக மாறி, நாளங்கள் வழியே உறுப்புக்களை அடைந்து அங்கேயே செலவாகிறதெனக் கொண்டார். வயலிற் பாய்ந்த நீர் மண்ணிற் சுவறுவது போன்றதே அவர் கருத்து. ஐரோப்பிய மருத்துவர் 1400 ஆண்டுகளாகப் பெரும்பாலும் இதனையே மெய்யெனக் கொண்டனர்.

இக்கொள்கையை மாற்றியமைத்தவர் ஆங்கிலேய மருத்துவரான வில்லியம் ஹார்வி (1578–1657). இத்தாலியிலுள்ள பாதுவாப் பல்கலைக்கழகத்தில் 1602இல் பட்டம் பெற்ற இவர்க்கு ஆசிரியராயிருந்த பப்ரீசியசு, நாளங்களினுள்ளே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் இருத்தலைக் காட்டினார். ஆயினும் அவற்றின் பயனைச் சரிவர உணர்ந்திலர். அவ்வால்வுகள் குருதியை இருதயத்தை நோக்கியே செல்லவிடும். திரும்பவிடா என்பதை ஹார்வி கண்டார். அங்ஙனமாயின் நாளங்கள் வழியே குருதி உறுப்புக்களுக்குச் செல்வது எங்ஙனம்?

அடுத்து, அவர் கணக்கிட்டுப் பார்த்தார். ஒரு துடிப்பில் வெளியேறும் குருதியை மிகக் குறைத்து மதித்தும், அரைமணி நேரத்தில் வெளியேறுவது உடலிலுள்ள குருதி முழுவதினும் மிக்கதாயிற்று. இன்றைய அளவைகளாற் கணித்தால் இது இன்னுந் தெளிவாகும். ஓய்ந்திருக்கும் வளர்ந்தவரின் இருதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் குருதியைப் பெருநாடியுட் செலுத்தும். ஆகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர். மணிக்கு 300 லீற்றர். உடலிலுள்ள குருதியோ ஏறக்குறைய 5 லீற்றரே. மணிதோறும் 300 லீற்றர் குருதியை உண்டாக்கத்தக்க உணவை உண்பார் யார்? ஆதலின் சென்ற குருதியே மீண்டும் வருதல் வேண்டும். இம்முடிபை ஹார்வி 1628இல் நூலாக வெளியிட்டார்.

குருதி செல்லும் வழி இதுவாகும்: இருதயத்தின் மேற்பாகத்தில் இரு சோணையறைகளும் கீழ்ப்பாகத்தில் இரு இதயவறைகளும் உள. உடலெங்குமிருந்து வரும் ஒட்சிசன் குறைந்த குருதி வலச் சோணையறையை அடைந்து, வல இதயவறைக்கு இறங்கி, நுரையீரல்களுக்குச் செலுத்தப்படும். அங்கே காபனீரொட்சைட்டை விடுத்து ஒட்சிசனைப் பெற்று இடச் சோணையறைக்கு மீளும். பின் இட இதயவறை அதனைப் பெருநாடி வழியே உடலெங்கும் அனுப்பும். இவ்வறை உடல் முழுவதற்குங் குருதியைச் செலுத்துவதால் இதன் சுவர் மிகத் தடித்துள்ளது. இருதய வால்வுகள் மூடுங்கால் எழும் ஓசையே, மார்பிற் காது வைப்பார் கேட்கும் 'லப்–டப்' ஒலியாகும்.

ஒரு வினா எஞ்சியது. நாடிகளிலுள்ள குருதி நாளங்களுக்குச் செல்லும் வழியை ஹார்வி கண்டிலர். கண்ணுக்குப் புலனாகாத வழியொன்று இருத்தல் வேண்டுமெனத் துணிந்தார். அவர் இறந்து 4 ஆண்டுகளின் பின், 1661இல், இத்தாலியரான மல்பீகி நுணுக்குக்காட்டியின் உதவியால் தவளையின் நுரையீரலில் மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டு அத்துணிபை நிலைநாட்டினார்.

முன்னோர் கூற்றென்பதனாலேயே ஒன்றை ஏற்றுக்கொள்ளாது, தாமே அளந்தறிய விழையும் மாணவர்க்கு ஹார்வியின் ஆராய்ச்சி சிறந்த வழிகாட்டியாகும்.