மலைப்பாம்பின் இதயமும் பி.எஸ்சி. மாணவர்களும்

ரங்கூனில் படகேறி ஆற்றைக் கடந்தால் தலா. அங்கிருந்து வண்டி பிடித்தால் த்வாண்டே, மண்பானைக்குப் பேர்போன ஊர். ஊருக்கு வெளியே ஏரி நடுவில் ஒரு பௌத்தக் கோயில் இருக்கிறது. பாம்புக் கோயில் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். உள்ளே பர்மிய மலைப்பாம்புகள் சுருண்டு கிடக்கின்றன. கும்பிட வருகிறவர்கள் காணிக்கை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விலங்கியல் வாத்தியாரான எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனம் வரவில்லை.

காரணம், அந்தப் பாம்பின் இதயம். மாதக்கணக்கில் இரையில்லாமல் கிடக்கும் பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கினால், 2 நாளுக்குள் அதன் இதயம் சுமார் 40 சதவீதம் பருத்துவிடுகிறது. 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இது. குடலும் கல்லீரலும்கூடப் பெரிதாகின்றன. செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். நமக்கு இதயம் பருத்தால் பெரும்பாலும் அது நோயின் அறிகுறி. பாம்புக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆவதில்லை?

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லெஸ்லி லைன்வாண்ட் என்ற பேராசிரியர் இந்தக் கேள்வியைத் துரத்தினார். பாம்பு ஆய்வில் இளங்கலை மாணவர்களையே இறக்கிவிட்டார். அதற்கு ‘பைத்தான் திட்டம்’ என்று பெயர். இரையெடுத்த பாம்பின் ரத்தத்தில் இருக்கும் மூன்று கொழுப்பு அமிலங்களைக் கலந்து எலிகளுக்குச் செலுத்தினால் அவற்றின் இதயமும் ஆரோக்கியமாகவே வளர்கிறது என்று 2011இல் அவர் குழு ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது.

அங்கே இளங்கலை மாணவர்களுக்கே அப்படி ஒரு கேள்வி கிடைக்கிறது. நம் கல்லூரிகளிலோ வெங்காய வேர்நுனியை நசுக்கி, செல் பிரிவதைப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிறோம். கை பழக அது வேண்டும்தான். ஆனால் விடை முன்பே அச்சாகிவிட்டது. வாத்தியாருக்கும் விடை தெரியாத கேள்வி ஒன்றையாவது மூன்று வருடத்தில் ஒரு பிள்ளை தொட்டுப் பார்க்க வேண்டாமா?

த்வாண்டேயில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் மகளும் விலங்கியல்தான் படிக்கிறாள். கொலராடோ மாணவர்களைப் பற்றிச் சொன்னதும், “அவங்ககிட்ட பெரிய லேப் இருக்கு சித்தப்பா, இங்க என்ன இருக்கு?” என்றாள். கோயில்காரர்களிடம் அனுமதி கேள், பாம்பைத் தொடாதே என்றேன். ஒவ்வொன்றின் உடல் கோலமும் வேறு; படம் எடுத்து வைத்தால் எது எது என்று அடையாளம் தெரியும். இரையெடுத்த நாள், தோலுரித்த நாள், அன்றைய வெப்பநிலை ஆகியவற்றை ஒரு வருடம் விடாமல் குறித்தால் யாரும் தள்ளிவிட முடியாத தரவு அது.

இந்தியாவில் படிப்பவர்களுக்குப் பெரிய வாசல் ஒன்று உண்டு. மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்திட்டம் அது. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை செய்யலாம். கோடைக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் கைநழுவிப் போகும். விண்ணப்பத்தில் சின்னதாக ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். என் மாணவர்களில் பலர் அதில் “சிறுவயது முதலே உயிரியல் பிடிக்கும்” என்று தொடங்குகிறார்கள். அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டு, தோட்டத்திலோ குளத்திலோ பார்த்துப் புரியாமல் போன ஒன்றை எழுதி வரச் சொல்கிறேன்.