எட்மோடோ தனியுரிமை வழக்கு

எட்மோடோ என்பது 2008 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இணையவழிக் கற்றல் தளம் ஆகும். ஆசிரியர்கள் இதன்வழி வீட்டுப்பாடம் வழங்கினர். மாணவரின் பெயர், பிறந்த நாள், மின்னஞ்சல் முகவரி, ஐ.பி. முகவரி முதலியவற்றை இத்தளம் திரட்டியது. 2017 இல் இதன் 7 கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டன.

சட்டப் பின்னணி

1998 இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சிறுவர் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 13 வயதுக்குட்பட்டோரின் தரவைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பெற்றோர் சார்பில் பள்ளி ஒப்புதல் அளிக்கலாம். ஆயினும் அது கல்விப் பயன்பாட்டிற்கு மட்டுமே செல்லும், விளம்பரம் போன்ற வணிகப் பயன்பாட்டிற்குச் செல்லாது.

வழக்கு

எட்மோடோ மாணவர் தரவை விளம்பரங்களுக்குப் பயன்படுத்தியது, தேவைக்கு மேல் நீண்டகாலம் சேமித்து வைத்தது, ஒப்புதல் பெறும் பொறுப்பைப் பள்ளிகள் மீதும் ஆசிரியர்கள் மீதும் சுமத்தியது என அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் மே 2023 இல் குற்றஞ்சாட்டியது. தளம் 2022 இலேயே மூடப்பட்டிருந்தது. விதிக்கப்பட்ட 60 லட்சம் டாலர் அபராதம், செலுத்த இயலாமையால் நிறுத்தி வைக்கப்பட்டது. கல்விச் செயற்பாட்டிற்குத் தேவையானதை விடக் கூடுதலான தரவை மாணவரிடம் கட்டாயமாகக் கேட்பதை இவ்வழக்கின் ஆணை தடை செய்தது. ஒப்புதல் பெறப்பட்டிருப்பினும் இத்தடை பொருந்தும் என்பதே இதன் சிறப்பாகும்.