அஸ்திவாரக் குழிக்குள் ஒரு பழைய சதுப்புக்காடு

லண்டனில் தேம்ஸ் ஆற்றை ஒட்டி அஸ்திவாரம் தோண்டும் பல இடங்களில், பொக்லைன் பக்கத்திலேயே ஒரு தொல்லியலாளர் நிற்பார். பல் இல்லாத தட்டை வாளியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவச் சொல்வார். மண்ணின் நிறம் மாறினாலோ மரத்துண்டு தலைகாட்டினாலோ கையை உயர்த்துவார், இயந்திரம் நிற்கும். அளந்து, படமெடுத்து, மாதிரி சேகரித்த பிறகே வேலை தொடரும். இதுதான் தொல்லியல் கண்காணிப்பு. ஆய்வுக்கென்றே நடத்தும் அகழாய்வில் இடத்தை ஆய்வாளர் தேர்ந்தெடுப்பார். இங்கே குழியின் இடத்தையும் ஆழத்தையும் கட்டட வரைபடம் முடிவு செய்கிறது. கண் தவறினால் மறுவாய்ப்பு கிடையாது.

ஆற்றோரக் குழியில் மேலே இருப்பது செங்கல்லும் இடிபாடும் கலந்த நிரப்பு மண். அதன் கீழ் சாம்பல் நிற வண்டல் களி. அதற்கும் கீழே, பல இடங்களில், பீட் எனப்படும் கரும்பழுப்பு அடுக்கு. அடியில் பனியுகத்து ஆறு விட்டுச்சென்ற சரளை. சதுப்பில் விழுந்த இலையும் கிளையும் வேரும் முழுதாக மக்காமல் படிந்ததே பீட். நீரில் ஊறிய மண்ணுக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே பெருக முடியாது. அதனால்தான் பல ஆயிரம் ஆண்டு பழமையான ஆல்டர் மரக்கிளை பட்டையோடு கிடைக்கிறது. மனிதர் வெட்டியதாக இருந்தால் கோடரி பட்ட தடம்கூடத் தெரியும். வெளிக்காற்று பட்டதும் அது காய்ந்து சுருங்கி வெடிக்கும் என்பதால், ஈரம் போகாமல் உடனே பொதிந்து வைக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் அதிகம் சொல்கின்றன. அஸ்திவாரத் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் பைலிங் இயந்திரம் இறங்கினால் மண்ணடுக்குகள் கலங்கிப்போகும். ஆகவே அதற்கு முன்பே துளையிட்டு, அடுக்குக் குலையாத நீண்ட மண் உருளைகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். அங்கே குறிப்பிட்ட இடைவெளிகளில் சிறு மாதிரிகளை எடுத்துச் சோதிக்கிறார்கள். மகரந்தத் தூளின் வெளித்தோல் மிக உறுதியானது; மரத்துக்கு மரம் வடிவம் வேறு. அதை நுண்ணோக்கியில் எண்ணினால் சுற்றுப்புறத்தில் எந்த மரங்கள் நின்றன என்று தெரியும். டயட்டம் என்னும் நுண்பாசியின் கண்ணாடி போன்ற கூடு, நீர் நன்னீரா உப்புநீரா என்பதைக் காட்டும். விதைகளையும் வண்டுச் சிறகுகளையும் சலித்தெடுக்கிறார்கள். காலத்தைக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு தருகிறது.

இவற்றை அடுக்கு வரிசையில் வைத்தால் ஒரு நிலத்தின் வரலாறு எழுந்து நிற்கிறது. ஆல்டர் மரச் சதுப்புக்காடு பல இடங்களில் நாணல் வெளியாக மாறுகிறது. பிறகு உப்புநீர் டயட்டங்கள் தலைகாட்டுகின்றன. கடைசியில் களி மூடுகிறது. கடல்மட்டம் உயர்ந்து ஓதநீர் உள்ளே ஏறியதன் நேரடிச் சான்று இது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் எல்ம் மரத்தின் மகரந்தம் சட்டென்று குறைகிறது. மரநோயா, புதிதாக வந்த வேளாண்மையா, இரண்டுமா என்ற விவாதம் நீடிக்கிறது.

அந்தச் சதுப்பில் மனிதர் நடமாடியதற்கும் தடயம் உண்டு. தென்கிழக்கு லண்டனின் பெல்மார்ஷ் சிறையை ஒட்டிப் புதிய கட்டடப் பணிக்கு முன் நடந்த ஆய்வில், சேற்றைக் கடக்க மரங்களை இட்டு அமைத்த நடைபாதை ஒன்று வெளிப்பட்டது. 2009இல் அறிவிக்கப்பட்ட அதன் வயது ஏறக்குறைய 6,000 ஆண்டுகள். ஸ்டோன்ஹெஞ்சை விடப் பழையது. பொன்னோ சிலையோ அங்கே இல்லை. ஆனால் ஈரம் காலில் படாமல் நடக்க விரும்பிய மனிதரின் கைவேலையை இவ்வளவு அருகில் காட்டும் சான்று அரிது.

கட்டுமானத்தோடு தொல்லியல் ஆய்வையும் நடத்தும் இந்த ஏற்பாடு எளிதில் வந்துவிடவில்லை. 1989இல் தேம்ஸின் தென்கரையில் அலுவலகக் கட்டடம் எழவிருந்த மனையில், 1587இல் கட்டப்பட்ட ரோஸ் நாடக அரங்கின் எச்சங்கள் தெரிந்தன. நடிகர்களும் பொதுமக்களும் திரண்டு போராடினர். எச்சங்களைக் காக்கும்படி கட்டட வடிவமைப்பு மாற்றப்பட்டது. மறு ஆண்டு, 1990இல், இங்கிலாந்து அரசு திட்ட அனுமதிக்கான புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. கட்டுமானத்தால் தொல்லெச்சம் அழியுமானால், முன்கூட்டியே ஆராய்ந்து பதிவு செய்யும் பொறுப்பும் செலவும் கட்டுபவரைச் சேரும் என்ற நடைமுறை அதன்பின் வேரூன்றியது. செலவு பெரிதுதான், ஆனாலும் அழிப்பவரே பதிவுக்குப் பணம் தருவதை விட நியாயமான வழி இல்லை.

இயன்றவரை எச்சத்தைத் தோண்டாமல் நிலத்திலேயே விடவேண்டும் என்பதும் அந்த வழிகாட்டுதலின் பகுதியாக இருந்தது. ஆற்றோரத்தில் இது எளிதல்ல. பக்கத்து மனையில் அடித்தளத்துக்காக நிலத்தடி நீரை இறைத்தாலே இந்தப் பக்கத்துப் பீட் காய்ந்து, காற்று புகுந்து, மரம் மக்கத் தொடங்கிவிடும். எனவே எச்சத்தை விட்டுவைக்கும் இடங்களில் நீர்மட்டத்தைக் கண்காணிக்கக் குழாய்கள் பொருத்தப்படுவதுண்டு. ரோஸ் அரங்கின் எச்சங்களும் மணலால் மூடப்பட்டு, உலராமலிருக்க நீருக்கு அடியிலேயே வைக்கப்பட்டன.