திவாலான தேசத்திற்குக் கோர்ட்டு எங்கே?

வியாபாரி ஒருவன் நொடித்துப்போய் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் அவனுக்கு ஒரு கோர்ட்டு உண்டு. கடன் கொடுத்தோர் அனைவருக்கும் விகிதாசாரப்படி பங்கிடச் சட்டமுண்டு. அவனுடைய சமையற் பாத்திரங்களையும் தொழிற் கருவிகளையும் அச்சட்டமே காப்பாற்றுகிறது. ஒரு தேசம் நொடித்தால் இவற்றில் ஒன்றுமில்லை.

ஜாம்பியாவின் கதையைப் பாருங்கள். விவசாய யந்திரங்கள் வாங்குவதற்காக 1979-ஆம் வருஷத்தில் ருமேனியாவிடம் அத்தேசம் 1½ கோடி டாலர் கடன்பட்டது. வட்டியேறி 1999-இல் அது ஏறக்குறைய 3 கோடியாயிற்று. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான டோனிகால் இன்டர்நேஷனல் என்னும் கம்பெனி அக்கடனை 33 லட்சம் டாலருக்கும் குறைவாக விலைக்கு வாங்கி, 5½ கோடி டாலருக்கு லண்டனில் தாவா போட்டது! 2007-இல் சுமார் 1 கோடியே 55 லட்சம் டாலருக்கு அதற்கு டிக்ரி கிடைத்தது. இதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்புதான் மற்றக் கடன்காரர்கள் ஜாம்பியாவின் ஏழ்மையைக் கருதிப் பெருந்தொகையைத் தள்ளிக் கொடுத்திருந்தனர். அவர்கள் விட்டுக்கொடுத்ததை இடையில் வந்தவர் வாரிக்கொண்டார். நீதிபதியை நாம் குறை கூறவில்லை. பத்திரம் செல்லுபடியானது, அவர் கைகள் கட்டுண்டிருந்தன. குறை சட்டத்தில்தான்.

பிரிட்டிஷ் பார்லிமெண்டும் இதை உணர்ந்து, பரம ஏழைத் தேசங்களின் பழைய கடன்களில் குறைத்த தொகைக்குமேல் வசூலிக்கக்கூடாதென்று 2010-இல் சட்டமியற்றியது. ஆனால் புதிய கடன்களுக்கு அச்சட்டம் செல்லாது. 2020 நவம்பரில் ஜாம்பியா மறுபடியும் தவணை தவறியது. இம்முறை கடன் கொடுத்த அரசாங்கங்கள் ஒருபுறம், கடன் பத்திரக்காரர்கள் மறுபுறம். பத்திரக்காரருடன் ஏற்பட்ட உடன்பாட்டை 2023-இல் அரசாங்கங்கள் நிராகரித்தன. பத்திரக்காரர் விவகாரம் தீர 2024 ஆயிற்று. நமது ஜில்லா முனிசீப் ஒருவர் எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்!

கடனைக் குறைத்தால் இனி யார் கடன் கொடுப்பார் என்று கேட்கின்றனர். நஷ்டம் வரக்கூடுமென்றுதானே ஏழைத் தேசத்திடம் கூடுதல் வட்டி வாங்கினார்கள்? அவ்வட்டியையும் வாங்கிக்கொண்டு, நஷ்டத்தில் மட்டும் பங்கில்லையென்பது எந்த நியாயம்?

2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, கடன்பட்ட தேசங்களுக்கான நியாய விதிகளை 136 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்தவை ஆறே தேசங்கள். அவற்றுள் அமெரிக்காவும் பிரிட்டனும் அடக்கம். இத்தகைய கடன் பத்திரங்களில் பெரும்பாலானவை நியூயார்க் சட்டத்தையோ இங்கிலீஷ் சட்டத்தையோ அனுசரித்தே எழுதப்படுகின்றன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

எல்லாக் கடன்காரரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் சர்வதேச நியாயஸ்தலம் வேண்டும். அதன் விசாரணை முடியும்வரை தனித் தாவாக்கள் நிற்க வேண்டும். அது ஏற்படும்வரை, 2010-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் புதிய பத்திரங்களுக்கும் நீட்டிக்க லண்டன் பார்லிமெண்டுக்கு என்ன தடை?