நோய் நீங்கிய பின் வேண்டும் பயிற்சி

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உயிர் மீண்டு இல்லம் திரும்பியவரைப் படுக்கையிலேயே கிடத்திப் பேணுவது நம்மவர் வழக்கம். அன்பின் மிகுதியால் செய்வதேயாயினும் அது நன்மை பயப்பதன்று.

லண்டன் மருத்துவமனைகளில் நிகழ்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கடும் நோயுற்றோரின் தொடைத் தசை பத்தே நாட்களில் ஏறத்தாழ 18 விழுக்காடு சுருங்கியது தெரிந்தது. எனவே, எழுந்து நிற்கையில் கால் நடுங்குவது சோம்பலன்று. தசையை இழந்ததன் விளைவு. அதனை மீட்க நல்லுணவும் அளவான அசைவும் வேண்டும்.

ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் துணைக்கு ஆள் குறைவு. முதியோர் தம் களைப்பை வேற்றுமொழியில் எடுத்துரைக்கத் திணறுவர். மருத்துவரின் இசைவு பெற்று, தமிழறிந்த இயன்முறைப் பயிற்சியாளர் ஒருவர் கைப்பேசித் திரைவழியே வழிகாட்டுவாராயின் இவ்விரு குறையும் பெரிதும் தணியும்.

சுவரோடு சேர்த்திட்ட நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரைப் பற்றியபடி குதிகாலை உயர்த்துதல், கூடத்தில் சிறிது நடத்தல் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். பேச்சுத் தடைப்படாத அளவே தக்க அளவு. செய்த எண்ணிக்கையை நாள்தோறும் குறித்து வைத்துப் பயிற்சியாளரிடம் கூறுக. மார்பு வலியோ மயக்கமோ கடும் மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக.

இஃது அற்புத மருந்தன்று. 195 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் இல்லப் பயிற்சி பெற்றோரும் பெறாதோரும் ஏறத்தாழ ஒருபோலவே தேறினர். ஆகவே அவரவர் நிலைக்கேற்ப அளவை மாற்றிப் பொறுமையுடன் தொடர்தல் வேண்டும். நோயாளி எழும்போது அருகே நில்லுங்கள். ஆனால் தாமே எழ விடுங்கள்.