விலை உயர்ந்த எண்ணெயும் வண்டியின் ஆயுளும்

மோட்டார் வண்டிக்கு வேண்டிய எண்ணெய்களையும் உதிரி உறுப்புகளையும் விற்கும் கடைக்குச் சென்றால், ஒரே வேலைக்கென மூன்று நான்கு விலைகளில் பொருள்கள் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மலிவானது ஒன்று, அதனினும் இருமடங்கு விலையுள்ளது ஒன்று, மும்மடங்கு விலையில் பளபளக்கும் டப்பாவில் வேறொன்று. கூடுதல் விலை கொடுத்தால் வண்டி நெடுநாள் உழைக்குமா, அன்றி டப்பாவின் பளபளப்புக்கே பணம் கொடுக்கிறோமா என்னும் ஐயம் எவர்க்கும் எழும். இது வண்டி வைத்திருப்போரின் கவலையாயிற்றே, மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன என்று நீங்கள் எண்ண வேண்டா. பௌதிகமும் இரசாயனமும் பணப்பையைத் தொடும் இடம் இது. ஒரு திரவத்தைப் பொறுத்தவரை உயிரையே தொடும் இடமும் ஆகும்; அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் எஞ்சின் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள் உலோகமும் உலோகமும் நேராக உராயாதவாறு இடையே மெல்லிய படலமாக நிற்பதே மசகெண்ணெயின் முதற் கடமை. வெப்பத்தை ஏந்திச் செல்வதும், கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்கி வடிகட்டிக்குக் கொண்டுபோவதும் அதன் பிற கடமைகள். படலம் நிலைத்து நிற்பதற்கு எண்ணெய்க்குத் தக்க பாகுநிலை வேண்டும். டப்பாவின்மேல் 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்றெல்லாம் எழுதியிருப்பது இதனைத்தான். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி வெப்பத்தில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும்.

கச்சா எண்ணெயை வடித்துச் சுத்தி செய்து பெறும் சாதாரண எண்ணெயில் சிறிதும் பெரிதுமான பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். சிறியவை வெப்பத்தில் ஆவியாகிப் போகும். மெழுகுத் தன்மையுள்ளவை குளிரில் உறையும். சிறு மூலக்கூறுகளை வேண்டிய அளவில் இணைத்து, ஒரே சீராகச் செய்யப்பட்ட எண்ணெயில் இக்குறைகள் மிகக் குறைவு. செயற்கை எண்ணெய் என்னும் பெயர் முதலில் இதற்கே வழங்கியது. ஆனால் கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகப் பதப்படுத்தி, ஏறக்குறைய அதே தரத்துக்குக் கொண்டுவரும் முறையும் வந்தது. அவ்வாறு செய்த எண்ணெயைக் காஸ்ட்ரால் நிறுவனத்தார் செயற்கை எண்ணெய் என விற்பது தகாது என்று மோபில் நிறுவனத்தார் அமெரிக்காவில் முறையிட்டனர். விளம்பரங்களை ஆராயும் அமைப்பு 1999-இல் காஸ்ட்ரால் பக்கமே தீர்ப்பளித்தது. ஆகவே டப்பாவில் அச்சொல்லைக் கண்ட மாத்திரத்தில் உள்ளே இருப்பது எவ்வாறு செய்யப்பட்டது என்று அறிந்துவிட முடியாது. பகுதிச் செயற்கை என்று எழுதியிருந்தால் எத்தனை பங்கு என்பதைப் பெரும்பாலும் டப்பா சொல்வதே இல்லை!

சரி, விலைக்குத் தக்க பயன் உண்டா? இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் பத்திரிகையினர் நியூயார்க் நகரத்து வாடகைக் கார்கள் 75-ஐ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் 60,000 மைல், அதாவது ஏறத்தாழ 96,000 கிலோமீட்டர் ஓடவிட்டனர். பலவகை எண்ணெய்களை ஊற்றி, இறுதியில் எஞ்சின்களைப் பிரித்து உறுப்புகளின் தேய்வை அளந்தனர். 1996-இல் வெளிவந்த முடிவு வியப்பானது: எண்ணெய்க்கு எண்ணெய் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றும் காணப்படவில்லை. 3,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியதற்கும் 6,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியதற்கும்கூட வேறுபாடு இல்லை. மற்றொன்று, அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தார் 2017-இல் வெளியிட்டது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் செயற்கை எண்ணெய்கள் சாதாரண எண்ணெய்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 47 சதவீதம் சிறப்பாக நின்றன என்பது அவர்கள் கண்டது.

இவற்றுள் எது உண்மை என்று கேட்பீர்கள். இரண்டும் உண்மையே. அவர்கள் கேட்ட கேள்விகள்தாம் வேறு. பின்னவர் எண்ணெயைச் சோதித்தனர்; முன்னவர் எஞ்சினைச் சோதித்தனர். எண்ணெய் தாங்கக்கூடிய கொடுமை முழுவதையும் எஞ்சின் அதற்குத் தருவதில்லையாயின், மிகுதியான வலிமை பயன்படாமலே கிடக்கும். நியூயார்க்குச் சோதனையிலும் ஒரு குறை உண்டு. வாடகைக் கார் நாள் முழுதும் ஓடுவது. எஞ்சின் ஆறுவதே அரிது. நம் வீட்டு வண்டியோ இரண்டு கிலோமீட்டர் ஓடிப் பள்ளிவாயிலில் நின்றுவிடும். எஞ்சின் நன்கு சூடேறாத குறுகிய ஓட்டத்தில் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலந்து தங்கிவிடும். குறைந்த தூரம் ஓடிய வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை என்று நினைப்பவர் இதனை மறந்துவிடுகின்றனர்.

செயற்கை எண்ணெயின் தலையாய சிறப்பு கடுங்குளிரிலும் ஓடுவது. பின்லாந்தில் அது பெரும் பேறு. சென்னையில் அதற்கு வேலை குறைவு. ஆனால் டர்போ பூட்டிய எஞ்சின்களின் நிலை வேறு. டர்போவின் சுழலி நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. அங்கே சாதாரண எண்ணெய் கருகிக் கரியாகப் படியக்கூடும். இத்தகைய எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் காலத்துக்கு முன்னரே பற்றிப் பிஸ்டனை உடைப்பதும் உண்டு. அதனைத் தடுக்கும் சோதனை, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் எஸ்பி என்னும் தரத்தில் 2020 முதல் சேர்க்கப்பட்டுள்ளது. ஆதலின் நான் முதலில் விலையைப் பாரேன். வண்டியோடு தரும் கையேட்டில் எந்தப் பாகுநிலை, எந்தத் தரம் என்று எழுதியிருக்கிறது என்பதையே பார்ப்பேன். அத்தரச் சான்று பெற்ற மலிவான எண்ணெய் போதுமானது. அத்தரம் இல்லாத எண்ணெய், என்ன விலையாயினும் வேண்டா. கெட்டியான எண்ணெய்தான் எஞ்சினுக்கு உரம் என்னும் நம்பிக்கை நம் பட்டறைகளில் வேரூன்றியுள்ளது. பழைய எஞ்சின்களுக்கு அது ஓரளவு பொருந்தும். 0டபிள்யூ-20 கேட்கும் புது எஞ்சினில் கெட்டி எண்ணெயை ஊற்றினால் குறுகிய வழிகளில் அது தாமதமாகவே போய்ச் சேரும்; பெட்ரோலும் கூடச் செலவாகும்.

பெட்ரோலைப் பற்றிச் சிறிதே சொல்ல வேண்டும். ஆக்டேன் எண் என்பது எரிபொருளின் சக்தியை அளப்பதன்று. அழுத்தத்தில் தானே வெடித்துவிடாமல் பொறுத்திருக்கும் தன்மையை அளப்பது. அழுத்தம் மிகுந்த எஞ்சினுக்கு உயர்ந்த எண் தேவை. மற்றதற்கு அதனைக் கொடுப்பது காசைக் கரியாக்குவதே. தேவையில்லாத வண்டிகளுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டு அமெரிக்கர் ஓராண்டில் 210 கோடி டாலரை வீணாக்கினர் என்று அதே சங்கத்தார் 2016-இல் கணக்கிட்டனர். ஸ்பார்க் பிளக்கிலோ விலைக்குக் காரணம் உண்டு. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரிடியம் 2,446 டிகிரியில்தான் உருகும். ஆகவே இரிடிய முனை மெல்லியதாக இருந்தும் பன்மடங்கு காலம் தேயாது நிற்கும். அதனால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வரலாம்.

இனி, உயிரைத் தொடும் திரவம் என்றேனே, அது பிரேக் திரவம். மிதியை அழுத்தும் காலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது இதுவே. திரவத்தை எளிதில் அமுக்க முடியாது என்னும் பாஸ்கல் காலத்துப் பௌதிகமே இதற்கு ஆதாரம். பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆவியோ அமுங்கும். மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கலாகாது. டாட் 4 வகை 230 டிகிரி வரை கொதிக்கலாகாது. ஆனால் இவை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பவை. 3.7 சதவீதம் நீர் கலந்த நிலைக்கு விதிக்கப்பட்ட கொதிநிலை முறையே 140, 155 டிகிரியே. கணக்கைப் பாருங்கள்: ஈரமேறிய விலை உயர்ந்த டாட் 4, புதிய மலிவான டாட் 3-ஐவிட 50 டிகிரி முன்னதாகவே கொதிக்கக்கூடும். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே காலை மிதியிலேயே வைத்து இறங்கும் வண்டியில் இந்த 50 டிகிரியின் பொருள் விளங்கும். இரண்டாண்டுக்கொருமுறை திரவத்தை மாற்றுவதே இங்குக் கொடுக்கத்தக்க செலவு. அதற்காக, கையேடு டாட் 4 கேட்குமிடத்தில் டாட் 3 ஊற்றுவதும் கூடாது. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. அதனை மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

உறுப்புகளில் போலி என்னும் தொல்லை வேறு. எண்ணெய் வடிகட்டி ஒன்றை வெளியில் பார்த்தால் தகரக் குப்பிதான். உள்ளே தாள் எவ்வளவு, எஞ்சின் நின்றபின் எண்ணெய் வடிந்துபோகாமல் தடுக்கும் வால்வு உண்டா என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிரேக் கட்டையும் அவ்வாறே. இவற்றில் மட்டும் நான் விலை பேசுவதில்லை. ஆயினும் வண்டி நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டியே வேண்டும் என்பதில்லை. அந்நிறுவனத்துக்கு அவ்வுறுப்பைச் செய்து கொடுப்பவரே தம் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்கு விற்பதுண்டு. தெரிந்த கடையில், ரசீதோடு வாங்கினால் போதும். பிரேக் திரவத்தை மட்டும் பெரிய குப்பி மலிவென்று வாங்காதீர்கள். மூடி திறந்து பாதி மீந்த குப்பி, அலமாரியில் இருந்தபடியே மழைக்கால ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்.